மாமாவின் 555 நோட்டும் என் புள்ளியியல் பாடமும்

என் தாய்மாமாவின் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று மூக்குக் கண்ணாடி. மற்றொன்று, அட்டையில் 555 என்று அச்சிட்ட குட்டி நோட்டுப் புத்தகம். அந்தக் காலத்து மளிகைக் கடைகளில் கடன் கணக்கு எழுதி வைப்பார்களே, அதே நோட்டுதான். ஆனால், மாமா அதில் எழுதுவது கடன் கணக்கு இல்லை. புதன், சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களும் மாலையில் நடக்கும் 4டி குலுக்கலின் 23 எண்களை ஒன்று விடாமல் எழுதுவார். சிவப்புப் பேனாவில் முதல் மூன்று பரிசுகள், நீலப் பேனாவில் மற்றவை.

மாமா லாரி ஓட்டுநர். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஈசூனில் எங்கள் நான்கறை வீட்டில் எங்களோடுதான் இருக்கிறார். மது, சிகரெட் எதுவும் கிடையாது. “எனக்கு இருக்கிறது இந்த ஒரு பழக்கம்தான்” என்று அவரே சொல்வார். ஒரு குலுக்கலுக்குப் பத்து வெள்ளி. அதற்கு மேல் போகமாட்டார்.

இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கொடுத்த எண்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, சாதாரண நிலைத் தேர்வு எழுதிய சமயத்தில் மாமா என் தேர்வு எண்ணைக் கேட்டார். விளையாட்டாகக் கடைசி நான்கு இலக்கங்களைச் சொன்னேன். இரண்டு வெள்ளி வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே அந்த எண் ஆறுதல் பரிசுப் பட்டியலில் வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கு 60 வெள்ளி. ஆக, கையில் 120 வெள்ளி. அன்று இரவு குடும்பமே தேக்காவில் பிரியாணி சாப்பிட்டோம். “பிள்ளை ராசிக்காரி” என்று மாமா எல்லாரிடமும் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து என் எண்ணுக்கு ஒவ்வொரு குலுக்கலிலும் இரண்டு வெள்ளி. அந்த எண் மீண்டும் வரவே இல்லை.

பல்கலைக்கழகத்தில் முதல் பருவத்திலேயே எனக்குப் புள்ளியியல் பாடம் கட்டாயம். இரண்டாம் வார விரிவுரையில் நிகழ்தகவு பற்றிப் பேசியபோது, என் கை தானாகவே குறிப்பேட்டின் ஓரத்தில் மாமாவின் கணக்கைப் போடத் தொடங்கியது.

பத்தாயிரத்தில் இருபத்து மூன்று

நிகழ்தகவின் அடிப்படை எளிமையானது. எல்லா விளைவுகளும் சம வாய்ப்புள்ளவை என்றால், நமக்குச் சாதகமான விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 4டி-யில் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். பரிசு பெறுபவை 23. ஆக, ஓர் எண்ணுக்கு ஏதாவது ஒரு பரிசு கிடைக்கும் வாய்ப்பு 10,000-இல் 23. அதாவது, சராசரியாக 435 முறை வைத்தால் ஒரு முறை.

வாரத்துக்கு மூன்று குலுக்கல் என்றால் ஆண்டுக்கு 156. ஓர் எண்ணை விடாமல் வைப்பவருக்கு ஏதாவது ஒரு பரிசு வர, சராசரியாக இரண்டே முக்கால் ஆண்டு ஆகும். முதல் பரிசு வர, சராசரியாக 64 ஆண்டு.

வாய்ப்பு எவ்வளவு என்பதோடு, கிடைப்பது எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பார்ப்பதற்கு ‘எதிர்பார்ப்பு மதிப்பு’ என்று பெயர். ‘பிக்’ வகையில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,000 வெள்ளி, இரண்டாம் பரிசு 1,000, மூன்றாம் பரிசு 490. பத்து ‘ஸ்டார்ட்டர்’ பரிசுகள் தலா 250. பத்து ஆறுதல் பரிசுகள் தலா 60. எல்லாவற்றையும் கூட்டினால் 6,590 வெள்ளி. அதாவது, ஒருவர் எல்லா 10,000 எண்களுக்கும் ஆளுக்கொரு வெள்ளி வைத்து 10,000 வெள்ளி செலவழித்தால், திரும்பி வருவது 6,590 வெள்ளி. ஒரு வெள்ளிக்கு 65.9 காசு.

மாமா ஆண்டுக்குச் செலவழிப்பது 1,560 வெள்ளி. நீண்டகாலச் சராசரியில் அதில் ஏறத்தாழ 530 வெள்ளி போய்விடும். பத்து ஆண்டுக்கு 5,300 வெள்ளி.

‘சராசரியில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு மாதத்திலோ ஓர் ஆண்டிலோ எதுவும் நடக்கலாம். ஆனால், எத்தனை முறை அதிகமாக விளையாடுகிறோமோ அந்த அளவுக்கு நம்முடைய சராசரி, எதிர்பார்ப்பு மதிப்பை நெருங்கும். இதை நிறுவிக் காட்டியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யாக்கோப் பெர்னூலி. அவர் இறந்த பிறகு 1713-இல் வெளியான நூலில் இந்த ‘பேரெண் விதி’ உள்ளது. “தொடர்ந்து வைத்தால் ஒருநாள் வராமலா போகும்?” என்பார் மாமா. பேரெண் விதி சொல்வது இதற்கு நேர்மாறு. தொடர்ந்து வைத்தால், போட்ட பணத்தில் மூன்றில் ஒரு பங்கு போவது மேலும் மேலும் உறுதியாகும்.

பந்துக்கு நினைவாற்றல் கிடையாது

மாமாவின் நோட்டில் இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்று, ‘சூடான’ எண்கள். அடிக்கடி வருபவை. மற்றொன்று, ‘தூங்கும்’ எண்கள். நீண்டகாலமாக வராதவை, அதனால் விரைவில் வரப்போகிறவை என்பது மாமாவின் நம்பிக்கை. சூடாக இருந்தாலும் வைக்கலாம், தூங்கினாலும் வைக்கலாம் என்றால், எந்த எண்ணுக்குத்தான் காரணம் கிடைக்காது?

குலுக்கல்கள் ஒன்றையொன்று சாராதவை. நேற்று எந்த எண் வந்தது என்பது இயந்திரத்தில் சுழலும் பந்துக்குத் தெரியாது. நான்கு ஆண்டு வராத என் தேர்வு எண்ணுக்கும், போன வாரம் முதல் பரிசு பெற்ற எண்ணுக்கும் அடுத்த குலுக்கலில் ஒரே வாய்ப்புதான்.

அப்படியென்றால் சில எண்கள் ஏன் அடிக்கடி வருகின்றன? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் ஆண்டில் 156 குலுக்கல், மொத்தம் 3,588 பரிசு எண்கள். இவை எந்தப் பாகுபாடும் இல்லாமல் 10,000 எண்களுக்குள் விழுந்தால், ஏறத்தாழ 7,000 எண்கள் அந்த ஆண்டு முழுவதும் ஒருமுறைகூட வரமாட்டா. அதே ஆண்டில் ஏறத்தாழ 60 எண்கள் மூன்று முறையோ அதற்கு மேலோ வரும். யாரும் எதுவும் செய்யாமலேயே இப்படி ஆகும். சீராகப் பரவியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். மழைத்துளிகள் தரையில் விழும்போது ஓரிடத்தில் நெருக்கமாகவும் இன்னோரிடத்தில் வெற்றாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலத்தான்.

என் எண்ணையே எடுத்துக்கொள்வோம். நான்கு ஆண்டில் 624 குலுக்கல். அத்தனையிலும் ஓர் எண் வராமல் போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 24 விழுக்காடு. நால்வரில் ஒருவருக்கு இப்படித்தான் நடக்கும். இது ராசியும் இல்லை, ராசியின்மையும் இல்லை.

முப்பத்தொரு எட்டுகள்

இது வரை நான் சொன்னது நிகழ்தகவு. விதி தெரியும், அந்த விதிப்படி என்னென்ன நடக்கலாம் என்று கணக்கிடுகிறோம். புள்ளியியல் அனுமானம் இதற்குத் தலைகீழானது. நடந்தது நம் கையில் இருக்கிறது. அதை வைத்துப் பின்னால் இருக்கும் விதியை ஊகிக்கிறோம். மாமா செய்ய முயல்வதும் இதைத்தான்.

ஒருநாள் நோட்டைக் காட்டி, “இங்க பாரும்மா. கடைசி பத்துக் குலுக்கல்ல எட்டுல முடியிற நம்பர் 31 வந்திருக்கு. எட்டு இப்ப ஓடுது” என்றார்.

பத்துக் குலுக்கலில் 230 எண்கள். பத்து இலக்கங்களுக்கும் சம வாய்ப்பு என்றால், எட்டில் முடிபவை 23 இருக்க வேண்டும். 31 என்பது எட்டு கூடுதல். கேட்க வலுவான ஆதாரம் போலத்தான் இருக்கிறது.

ஆனால், தற்செயலாகவே எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கில் திட்ட விலக்கம் ஏறத்தாழ 4.5. அதாவது, 14 முதல் 32 வரை எது வந்தாலும் வியப்பில்லை. இன்னொன்றும் உண்டு. மாமா முதலிலேயே “எட்டைக் கவனிக்கப் போகிறேன்” என்று சொல்லவில்லை. பத்து இலக்கங்களையும் பார்த்துவிட்டு, அதிகம் வந்ததைத் தேர்ந்தெடுத்தார். எனவே, கேட்க வேண்டிய கேள்வி “எட்டு 31 முறை வருமா?” என்பதில்லை. “பத்தில் ஏதாவது ஓர் இலக்கம் 31 முறையோ அதற்கு மேலோ வருமா?” என்பதே. கணினியில் போலிக் குலுக்கல்களை ஆயிரக்கணக்கில் நடத்திப் பார்த்தேன். ஏறத்தாழ பத்தில் நான்கு தடவை அப்படி நடந்தது.

இதில் மாணவர்கள் எல்லாருக்கும் ஒரு பாடம் உண்டு. எந்தத் தரவைப் பார்த்து ஒரு யோசனை வந்ததோ, அதே தரவை அந்த யோசனைக்குச் சான்றாகக் காட்டக்கூடாது. புதிய தரவு வேண்டும். அடுத்த பத்துக் குலுக்கலில் எட்டில் முடிந்தவை 21. எட்டு ‘ஓடவில்லை’. ஆனால், அதற்குள் மாமா ‘மூன்று’ பக்கம் போய்விட்டார்.

சரியான கணக்கு, தவறான பேச்சு

ஒரு சனிக்கிழமை மாலை, மாமா சீட்டு வாங்கப் புறப்படும் நேரத்தில் இவை அனைத்தையும் அவரிடம் ஒரே மூச்சில் சொன்னேன். 65.9 காசு, 64 ஆண்டு, பத்து ஆண்டில் 5,300 வெள்ளி. “உங்கள் நோட்டை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது மாமா, அது வீண் வேலை” என்றும் சொல்லிவிட்டேன்.

மாமா கோபப்படவில்லை. நோட்டை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். “படிச்ச பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “உன் பாலிடெக்னிக் நாளிலேருந்து மாசம் நூறு வெள்ளி உன் கையில குடுக்கிறது யாரு? அவன் காசை எண்ணிப் பார்க்க உனக்கு யாரு சொன்னது?” என்றார்.

என் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும், அன்று இரவு தூக்கம் வரவில்லை. இருபது ஆண்டுக்கு மேலாக ஒருவர் அக்கறையோடு சேகரித்த தரவை நான் ‘வீண்’ என்று சொல்லியிருந்தேன். கல்லூரி வாசலை மிதிக்காமலேயே, எண்களை எழுதி, வகைப்படுத்தி, போக்கு இருக்கிறதா என்று பார்த்தவர் அவர். புள்ளியியலின் முதல் இரண்டு படிகளை அவர் தானாகவே செய்திருந்தார். மூன்றாவது படிதான் அவருக்கு யாரும் சொல்லித் தராதது.

நூறு வாக்குச்சீட்டு

அப்போதுதான் 2023 செப்டம்பர் 1-ஆம் தேதி இரவு நினைவுக்கு வந்தது. அதிபர் தேர்தல் நாள். வீட்டில் எல்லாரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். இரவு பத்து மணிக்குப் பிறகு மாதிரி வாக்கு எண்ணிக்கை வெளியானது. திரு தர்மன் சண்முகரத்னத்துக்கு 70 விழுக்காடு, திரு இங் கொக் சொங்குக்கு 16, திரு டான் கின் லியானுக்கு 14.

மாமாவுக்கு மகிழ்ச்சி. கூடவே சந்தேகம். “ஒரு இடத்துக்கு நூறு சீட்டுதான் எண்ணுறாங்களாம். அதை வச்சு எப்படிம்மா சொல்ல முடியும்?” என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நள்ளிரவு தாண்டி இறுதி முடிவு வந்தது: 70.4, 15.7, 13.9. “குருட்டு அதிர்ஷ்டம்” என்று சொல்லிவிட்டு மாமா படுக்கப் போனார்.

யோசித்துப் பாருங்கள். நோட்டில் இருக்கும் 230 எண்களை வைத்து அடுத்த வாரத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்புகிற அதே மாமா, நாடு முழுவதும் எடுத்த மாதிரியை நம்ப மறுத்தார். இரண்டிலும் அவர் எடுத்த முடிவு தவறு. இரண்டுக்கும் விளக்கம் ஒன்றுதான். அதை அவருக்குச் சொல்லும் வழிதான் எனக்குத் தெரியவில்லை.

ஒரு பானைச் சோறு

மாதிரி எண்ணிக்கை எப்படி நடக்கிறது? ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்தின் வாக்குச்சீட்டுகளிலிருந்தும் 100 சீட்டுகள் பாகுபாடின்றி எடுக்கப்படுகின்றன. வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் அவை எண்ணப்படுகின்றன. ஒரு நிலையத்தில் பதிவான வாக்குகள் அதிகம், இன்னொன்றில் குறைவு என்பதால், அதற்கேற்ற எடை கொடுத்துக் கூட்டுகிறார்கள். 2015 பொதுத் தேர்தலிலிருந்து இந்த முடிவு பொதுமக்களுக்கும் அறிவிக்கப்படுகிறது. 95 விழுக்காட்டு நம்பக அளவில், கூடவோ குறையவோ 4 விழுக்காட்டுப் புள்ளி வித்தியாசம் இருக்கலாம் என்று தேர்தல் துறை சொல்கிறது.

“ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்று நம் முன்னோர் சொன்னது மாதிரி எடுப்பதைப் பற்றித்தான். ஆனால், அந்தப் பழமொழி எப்போது பொருந்தும்? பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால். கல்யாண வீட்டு பிரியாணி அண்டாவில் மேலே ஒரு கரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு, அடியில் பிடித்திருப்பதைச் சொல்ல முடியாது. ஒரு நாடும் அப்படித்தான். பேட்டைக்குப் பேட்டை மனநிலை மாறும். அதனால்தான் ஒரே இடத்தில் ஒரு லட்சம் சீட்டு எடுக்காமல், ஒவ்வொரு நிலையத்திலும் நூறு எடுக்கிறார்கள்.

மாதிரி பெரிதாக இருப்பதைவிட அது எடுக்கப்படும் முறைதான் முக்கியம் என்பதற்கு 1936-இல் அமெரிக்காவில் நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற சஞ்சிகை, அதிபர் தேர்தலையொட்டி இரண்டு மில்லியனுக்கும் மேற்பட்டவர்களின் பதில்களைத் திரட்டி, ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்றது. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பெரும் வெற்றி பெற்றார். முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியல், கார் வைத்திருப்போர் பட்டியல் போன்றவற்றிலிருந்து எடுத்திருந்தார்கள். பொருளியல் மந்தம் நிலவிய அந்தக் காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் நாட்டு மக்களின் சரியான பிரதிநிதிகள் இல்லை. தவிர, பதில் அனுப்ப அக்கறை காட்டியவர்கள் மட்டுமே அந்தக் கணக்கில் வந்தார்கள். மேலோட்டமாக எடுத்த அண்டாச் சோறு அது.

முறையாக எடுத்தால் எத்தனை போதும்? நினைவில் வைத்துக்கொள்ள ஓர் எளிய வாய்பாடு உண்டு. மாதிரியின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, ஒன்றை அதனால் வகுத்தால் கிடைப்பதுதான் 95 விழுக்காட்டு நம்பக அளவில் தோராயமான பிழை. 100 பேர் என்றால் 10 விழுக்காட்டுப் புள்ளி. 400 பேர் என்றால் 5. 2,500 பேர் என்றால் 2. 10,000 பேர் என்றால் 1. பிழையைப் பாதியாக்க, மாதிரி நான்கு மடங்காக வேண்டும். நாட்டின் மொத்த மக்கள்தொகை இந்த வாய்பாட்டில் இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மாதிரியைவிட மக்கள்தொகை பல மடங்கு பெரிதாக இருக்கும்வரை, அது ஐந்து மில்லியனா ஐம்பது மில்லியனா என்பதால் பெரிய வேறுபாடு இல்லை. சட்டியில் இருந்தாலும் அண்டாவில் இருந்தாலும், நன்றாகக் கலக்கிய சாம்பாருக்கு உப்புப் பார்க்க ஒரு கரண்டி போதும்.

‘95 விழுக்காட்டு நம்பக அளவு’ என்பதையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறோம். இதே முறையில் நூறு தடவை மாதிரி எடுத்தால், ஏறத்தாழ 95 தடவை உண்மையான விழுக்காடு நாம் சொல்லும் எல்லைக்குள் இருக்கும் என்பதே பொருள். ஐந்து தடவை தவறும். எந்த ஐந்து என்று யாருக்கும் தெரியாது.

மாதிரியால் சொல்ல முடியாத நேரமும் உண்டு. 2011 அதிபர் தேர்தலில் நால்வர் போட்டியிட்டனர். நால்வருக்கும் ‘டான்’ என்பதே குடும்பப் பெயர். டாக்டர் டோனி டானுக்கு 35.20 விழுக்காடு, டாக்டர் டான் செங் போக்குக்கு 34.85 விழுக்காடு. இரண்டு மில்லியனுக்கும் அதிகமான வாக்குகளில் 7,382 வாக்கு வித்தியாசம். 80,000 சீட்டுகளை மாதிரியாக எடுத்திருந்தாலும் யார் முன்னணி என்று உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. மறு எண்ணிக்கைக்குப் பிறகுதான் முடிவு தெரிந்தது. தன் எல்லை எதுவென்று தானே சொல்லிவிடுவதுதான் நல்ல புள்ளியியல்.

கலக்குவதுதான் விஷயம்

தீபாவளி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசல் தோரணம் கோக்க அம்மா வாங்கிய மணிகள் மிச்சம் இருந்தன. சிவப்பும் வெள்ளையும், எல்லாம் ஒரே அளவு. 1,000 மணிகளை எண்ணி ஒரு பாத்திரத்தில் போடும்படி அம்மாவிடம் சொன்னேன். எத்தனை சிவப்பு, எத்தனை வெள்ளை என்பதை எங்கள் இருவரிடமும் சொல்லக்கூடாது.

“மாமா, அன்றைக்கு நூறு சீட்டு பற்றிக் கேட்டீர்களே. இன்றைக்குப் பார்த்துவிடலாம்” என்றேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் அவரிடம் எண்களைப் பற்றிப் பேசியது அதுவே முதல் முறை. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் தடவை, மேலாக இருந்ததை அள்ளி நூறு எண்ணினார். சிவப்பு வெறும் 9. “வெள்ளைதான் அதிகம்” என்றார். அம்மா சிரித்தார். சிவப்பை முதலில் கொட்டி, மேலே வெள்ளையைக் கொட்டியிருந்தார்.

இரண்டாம் தடவை, நன்றாகக் கலக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். சிவப்பு 57. எடுத்ததைத் திரும்பப் போட்டு மீண்டும் கலக்கினார். 64. மீண்டும், 61. அம்மா உண்மையைச் சொன்னார்: சிவப்பு 600, வெள்ளை 400.

மாமா கொஞ்ச நேரம் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப, கலக்குறதுதான் விஷயம்” என்றார்.

“ஆமாம் மாமா.”

“நல்லாக் கலக்கிட்டா, மொத்தத்துல எவ்வளவுன்னு சொல்லிடலாம். ஆனா, அடுத்த மணி சிவப்பா வெள்ளையான்னு மட்டும் சொல்ல முடியாது.”

“முடியாது.”

மாமா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “4டி-யையும் நல்லாத்தான் கலக்குறாங்க” என்றார்.

நான் ஒரு பருவம் முழுக்கப் படித்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். எந்தக் கலக்கல் தேர்தல் மாதிரியை நம்பத் தகுந்ததாக ஆக்குகிறதோ, அதே கலக்கல்தான் நோட்டில் உள்ள பழைய எண்களைப் பயனற்றதாக ஆக்குகிறது. தற்செயல் என்பது ஒழுங்கின்மை மட்டும் இல்லை. கூட்டமாகப் பார்த்தால் அதில் ஒழுங்கு உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் இல்லை.

விட்டுப்போன பத்தி

நான் “வைக்காதீர்கள்” என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். “மாமா, நோட்டில் வந்த எண்களை மட்டும்தான் எழுதுகிறீர்கள். நீங்கள் வைத்தது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று ஒரு பத்தி சேர்த்து எழுதுவீர்களா?”

நாம் எல்லாரும் இந்தத் தவற்றைச் செய்கிறோம். வென்ற நாளை நினைவில் வைத்து, தோற்ற நாளை மறக்கிறோம். என் எண்ணுக்குக் கிடைத்த 120 வெள்ளி குடும்பக் கதையாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஒரே எண்ணுக்குச் செலவான 1,248 வெள்ளி எந்தக் கதையிலும் இல்லை. தரவில் எது இருக்கிறது என்பதோடு, எது விட்டுப்போயிருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். சமூக ஊடகத்தில் ஒரு விழுக்காட்டைப் பார்க்கும்போதும், விளம்பரத்தில் “பத்தில் ஒன்பது பேர்” என்று படிக்கும்போதும் இதையே கேட்கலாம். யாரைக் கேட்டார்கள்? எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? யார் விட்டுப்போனார்கள்?

மாமா எழுதினார். 13 வாரம், 39 குலுக்கல். வைத்தது 390 வெள்ளி. கிடைத்தது இரண்டு ஆறுதல் பரிசு, 120 வெள்ளி. நோட்டை என்னிடம் நீட்டி, “நீ சொன்னதைவிட மோசமா இருக்கே” என்றார்.

அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருந்தால், ஒருவேளை அவர் அன்றோடு நிறுத்தியிருப்பார். ஆனால், அது உண்மை இல்லை. “இல்லை மாமா. சராசரியாகப் பார்த்தால் 133 வெள்ளிதான் போயிருக்க வேண்டும். உங்களுக்கு 270 போயிருக்கிறது. 39 குலுக்கல் மிகச் சிறிய மாதிரி. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அடுத்த மூன்று மாதம் இதைவிட நன்றாகவும் இருக்கலாம்” என்றேன். அவருடைய எட்டுகளை ஏற்க மறுத்த நான், எனக்குச் சாதகமான சிறிய மாதிரியை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியாது.

மாமா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, “இதைச் சொன்னபாரு, இப்பத்தான் உன் கணக்கை நம்புறேன்” என்றார்.

இப்போது அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வைக்கிறார். முழுவதும் விடவில்லை. என் தேர்வு எண்ணுக்கு இன்னமும் இரண்டு வெள்ளி உண்டு. “அதை விடுங்களேன் மாமா, அதற்குத் தனி வாய்ப்பு எதுவும் கிடையாது” என்று சொல்லிப் பார்த்தேன். “தெரியும்மா. பத்தாயிரத்துல இருபத்து மூணு” என்று சொல்லிவிட்டு, புதிய பத்தியில் ‘2’ என்று எழுதினார்.